ஐஸ்கம்பெனித் தெருவுக்கு வந்த பசி

அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கயிறு கட்டி ஆடிக்கொண்டு நின்ற ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், புன்னைத்துறை ஐஸ்கம்பெனித் தெருவில் திரிந்த பூனைகளின் பசி, அந்தத் தெருவில் குடியிருந்த மனிதர்களின் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பூனைக்கு ஓர் ஆளாக அது தேடி வந்தது. கிழவன் குமரி பார்க்கவில்லை, கிறிஸ்தவர் இந்து பார்க்கவில்லை, படகு வைத்திருப்பவர் கூடை சுமப்பவள் என்றும் பார்க்கவில்லை. காற்று எந்தச் சன்னலுக்குள் நுழையலாம் என்று கேட்டுக்கொண்டா நுழைகிறது, அது மாதிரி நுழைந்தது.

கருவாட்டுக் கொட்டகையில் மீன் கீறிக் காயப்போடும் கித்தேரி அந்த நேரம் இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் தொம்மை விசைப்படகு டிரைவர், நாள்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடித்து வருகிறவன், தடைக்காலத்தில் மட்டும்தான் வீட்டுச் சோறு தொடர்ந்து தின்பான். ஈடு ஈடாக விழுந்த இட்லியைத் தின்றுவிட்டு மறுபடியும் தட்டை நீட்டினான்.

"ஏட்டி, இன்னும் ரெண்டு வையி."

"மாவு தீந்துட்டு. நீங்க தின்னதுக்கு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியே வச்சிருக்கலாம்."

"வயித்துக்குள்ள ஒருத்தன் இருந்து கேக்காம்ட்டி."

"எனக்குள்ளயும் ஒருத்தன் இருந்து கேக்கத்தான் செய்யுதான்," என்றாள் கித்தேரி. "ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா இருப்பானுவ."

தடைக்காலத்துப் பசி அந்தத் தெருவுக்குப் புதிய விருந்தாளி இல்லை என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூச்சி மாத்திரை தின்றார்கள், ஓமத்தண்ணீர் குடித்தார்கள், மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு அந்தக் கூழையும் அவர்களே குடித்தார்கள். தின்றது ஒரு பக்கம் போனது, பசி ஒரு பக்கம் இருந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு எஸ்கலின். கைக்குழந்தைக்காரியான அவள் ஒரு நாள் மத்தியானம் ஊசிப்போன மீன் குழம்பைத் தெருவில் கொட்டினாள். வெள்ளையும் கறுப்பும் செவலையுமாகத் திட்டுத்திட்டான நிறத்தில் ஒரு பெட்டைப் பூனை எங்கிருந்தோ ஓடிவந்து தலை நிமிராமல் தின்றது. அது தின்னத் தின்ன, எதிர்ச் சுவரில் சாய்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தொம்மையின் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. பூனை கடைசிச் செதிலையும் நக்கி முடித்ததும், தெரு முழுக்கக் கேட்கும்படி அவன் ஓர் ஏப்பம் விட்டான்.

"யண்ணே, நீங்க என்ன தின்னீய?" என்று கேட்டாள் எஸ்கலின்.

"ஒண்ணும் தின்னல. ஆனா நெறஞ்சிட்டு."

அதன்பிறகு ஒரு வாரம் தெருவுக்கு அதுவே வேலையாகவும் விளையாட்டாகவும் இருந்தது. ஒரு பூனைக்கு மீன்தலையைப் போடுவார்கள், எந்த வீட்டிலிருந்து ஏப்பம் வருகிறது என்று காது கொடுப்பார்கள். ஐஸ்கம்பெனி மேனேஜர் சூசைக்குக் காது கிழிந்த கடுவன் பூனை ஒன்று வாய்த்தது. பங்குச் சாமியாருக்கு மணிக்கூண்டில் குடியிருந்த ஒற்றைக்கண் கடுவன். எஸ்கலினுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டை. தொம்மை தன்னுடைய திட்டுப்பூனைக்குப் பூச்சேலை என்று பெயர் வைத்தான். கித்தேரியின் வயிற்றிலிருந்த பசி யாருடையது என்று மட்டும் பிடிபடவில்லை. எந்தப் பூனைக்குப் போட்டாலும் அவளுக்குப் பாதிதான் நிறைந்தது, யாரோ மிச்சம் மீதியைத் தின்று பிழைக்கிற ஒருவரின் வயிறு மாதிரி.

ஆக, தெரு பூனைகளுக்குச் சோறு போட ஆரம்பித்தது. முதலில் பூனைக்கு, பிறகு மனிதனுக்கு என்று முறை வைத்தார்கள், ஏனென்றால் அதுதான் இரண்டு பேருக்கும் லாபம். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போக, மீன் கழிவும் குவிய, பூனைகள் கொழுத்தன. கொழுத்த பூனைகள் சினையாயின. வலைக்குவியலில் ஈன்றன, மீன்பெட்டிகளுக்குள் ஈன்றன, மாதா கோயிலில் ஆர்மோனியத்துக்கு அடியில் ஈன்றன. பசி நுழைந்த வழி திறந்தே கிடந்ததால் மற்றதும் அந்த வழியே நுழைந்தது. பூச்சேலைக்கு இடுப்பு வலி எடுத்த அன்று, டீக்கடையில் நின்ற தொம்மை கிளாசைக் கீழே போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார, அவனை ஒரு மீன்வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் வெந்நீர் போட்டுக்கொண்டே சிரித்தார்கள். பிறந்த ஒவ்வொரு குட்டியின் பசியும் ஒவ்வோர் ஆளைத் தேடிப் போனது. இரண்டு பசி, மூன்று பசி சுமக்கிறவர்கள் வந்தார்கள். எஸ்கலினுக்கு ஐந்து. அவள் குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே சோறு தின்பாள், தின்றுகொண்டே அழுவாள்.

அடுத்த தடைக்காலம் வந்தபோது போடுவதற்கு மீன் இல்லை, தின்பதற்கு வாய்கள் மட்டும் இருந்தன.

ஒரு காலையில் கித்தேரி எழுந்தபோது வயிறு லேசாக இருந்தது. இத்தனை நாளாகப் பாதி நிறைந்து பாதி எரிந்துகொண்டிருந்த அந்தப் பசி இல்லை. வெகுநாள் சுமந்த கூடையை யாரோ தலையிலிருந்து இறக்கிவைத்த மாதிரி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வாசல் தெளித்தாள், பாத்திரம் தேய்த்தாள், ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தாள். வெயில் ஏறிய பிறகுதான் அவள் கை நின்றது. தின்னாமல் எப்படிப் பசி அடங்கும்? துடைப்பத்தைப் போட்டுவிட்டு வீடு வீடாக, படகு படகாகத் தேடிக்கொண்டு போனாள். கவிழ்த்துப் போட்டிருந்த பைபர் வள்ளத்துக்கு அடியில் அது கிடந்தது. உள்ளங்கை அளவு வெள்ளைப் பூனை, ஓராண்டாகியும் வளராத பூனை. அவள் அதுவரை ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. அதன் பசியைத் தவிர அதைப்பற்றி அவளுக்கு எதுவுமே தெரியாது. அதன் பசி அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

முந்தானையில் சுற்றி எடுத்துவந்து முருங்கைமரத்தடியில் புதைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு எந்தப் பூனையின் பசியும் வரவில்லை. அந்தத் தெருவிலேயே தன் பசியை மட்டும் பசிக்கிற ஒரே ஆளாக அவள் ஆனாள். அது சௌகரியமாகத்தான் இருந்தது. அந்தச் சௌகரியம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு வீட்டிலும் இது நடக்கத் தொடங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே யாருக்காவது சட்டென்று பசி அடங்கிவிடும். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். ஒருவர் மண்வெட்டி எடுத்துவரப் போவார்.

சூசை ஒரு காரியம் செய்து பார்த்தார். குட்டிகளையும் தாய்களையும் சாக்கில் கட்டி, உப்பளங்களுக்கு அப்பால் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டு வந்தார். பூனைகள்தான் போயின, பசி போகவில்லை. அதோடு தாகமும், இடம் தெரியாத பயமும் சேர்ந்து வந்து, தெருவில் பாதிப்பேர் சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாதவர்கள் போல நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பொழுது சாயும் முன்பே சூசை அதே சாக்கோடு ஓடிப்போய் அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் கித்தேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டாக்டர் செண்பகவல்லி இருந்தாள், கோவில்பட்டிக்காரி, தனி ஆள், மாட்டுக்குச் சினை ஊசி போட்ட கையைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். மாடு கறக்கவில்லை என்று சொல்வதைக் கேட்கிற அதே முகத்தோடு கேட்டாள்.

"உங்களுக்கு இப்ப எத்தனை பூனை?"

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. இருந்தது ஒண்ணு. அது போயிட்டு."

டாக்டர் குழாயை மூடிவிட்டு அவளை உட்காரச் சொன்னாள்.

"கொல்லவும் வேண்டாம், வேற ஊர்ல கொண்டுபோய் விடவும் வேண்டாம். ஒவ்வொண்ணாப் பிடிக்கணும், கருத்தடை ஆபரேஷன் பண்ணணும், காயம் ஆறினதும் பிடிச்ச இடத்துலயே திரும்ப விட்டுரணும். இருக்கறதெல்லாம் இருந்து அதது ஆயுசுக்கு வாழட்டும். புதுசா பசிச்ச வயிறு பிறக்காம இருந்தாப் போதும்."

"அதுகளுக்கு வலிக்காதா?"

"மயக்க ஊசி போட்டுத்தான் பண்ணுவேன். அப்புறம் கொஞ்சம் இழுக்கும், ஆறிரும். ஆனா ஒண்ணு, ஆபரேஷனுக்கு முன்னால வெறும் வயிறா இருக்கணும். அதுக பட்டினி கிடந்தா நீங்களும்ல கிடக்கணும்?"

"தவக்காலத்துல ஒருசந்தி இருந்து பழகின ஆளுவதான் நாங்க," என்றாள் கித்தேரி.

தடைக்காலம் ஆகையால் மீன் ஏலக்கூடம் சும்மா கிடந்தது. அங்கே கூட்டம் போட்டார்கள். டாக்டர் சொல்வதை எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள், பெட்டைகளைப் பற்றிப் பேசிய வரைக்கும். கடுவன்களைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் ஆண்கள் பக்கம் ஒரு செருமல் எழுந்தது.

சூசை எழுந்து நின்றார். "டாக்டரம்மா, பெட்டையளுக்குப் பண்ணுங்க, நாங்க ஒண்ணும் தடுக்கல. கடுவனை எதுக்குத் தொடணும்? அது பாட்டுக்கு ஒரு ஓரமாத் திரியுது."

"ஒரு ஓரமாவா திரியுது?" என்றாள் டாக்டர். "நீங்க ஏன் சார் ஒரு பக்கமாவே உக்காந்திருந்தீங்க?"

காதுகிழிந்த கடுவன் முந்தின வாரம் பெரிய சண்டை ஒன்றில் பின்பக்கம் கடி வாங்கியிருந்தது. சூசை பின்பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாதியில் எடுத்துக்கொண்டார். ஆனாலும் உட்காரவில்லை.

அப்போது எஸ்கலின் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். "பிள்ள பெத்து, ஆஸ்பத்திரியில கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பொம்பளைய எல்லாரும் கையைத் தூக்குங்க." கைகள் எழுந்தன. வெள்ளைமுடிக் கைகள், வளையல் கைகள், மீன் செதில் ஒட்டிய கைகள், கித்தேரியின் கை. "பண்ணிக்கிட்ட ஆம்பிளைய எல்லாரும் கையைத் தூக்குங்க." எத்தனையோ ஏலத்துக்குக் கை தூக்கிய அந்தக் கூடத்தில் ஒரு கைகூட எழவில்லை. பங்குச் சாமியார் கூரையைப் பார்த்தார். சூசை உட்கார்ந்தார், ஒரு பக்கமாக.

தொம்மைக்கு மட்டும் உற்சாகம். "எனக்கென்னப்பா கவலை, எனக்குள்ளது பெட்டைல்லா!" என்றான் பக்கத்திலிருந்தவர்களிடம். பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, அடங்கப் பார்த்து, அடங்காமல் மறுபடியும் கிளம்பியது. அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரம் அவிழ்ந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்துக்கொண்டான்.

ஏலக்கூடத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள், வெள்ளைத் துணி கட்டினார்கள், கம்பிக்கூண்டுகளில் பொரித்த கருவாட்டுத்துண்டை வைத்துக் காத்திருந்தார்கள். பூனை பசித்தால்தான் கூண்டுக்கு வரும் என்பதால் தெருவே ஒன்றாகப் பசித்துக் கிடந்தது. கோபக்காரர்கள் கோபப்பட வலுவில்லாமல், கஞ்சர்கள் ஒளித்துவைக்க மனமில்லாமல், எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அந்த மாதிரி ஒரு நோன்பை அந்தத் தெரு எந்தத் தவக்காலத்திலும் இருந்ததில்லை என்று சாமியாரே சொன்னார்.

டாக்டர் ஊசி போடும்போதெல்லாம் ஓர் ஆள் தூங்கினார். இது தெரிந்ததும் தெருவின் நடுவே தார்ப்பாய் விரித்துக் கோரைப்பாய் போட்டார்கள். முறை வந்தவர்கள் தலையணையோடு வந்து படுத்தார்கள், முறை வராதவர்கள் ஈ விரட்டினார்கள். முறை தெரியாமல் மாட்டிக்கொண்டவர் சாமியார்தான். பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருக்கும்போது மணிக்கூண்டுக் கடுவனுக்கு ஊசி போட்டுவிட்டார்கள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டிருந்தவள் தன் பாவங்களை எல்லாம் சொல்லி முடித்து வெகுநேரம் காத்திருந்து, உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்கவும், கடவுளுக்குக் கோபமில்லை என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். ஆபரேஷன் ஆன பூனைகளுக்கு அடையாளமாக இடது காதின் நுனியைத் துளி வெட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் தெருவில் பூனைப் பசி உள்ள எல்லோருக்கும் இடது காதோரம் எப்போதும் கொஞ்சம் குளிர்ந்தே இருந்தது, கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்று திசை மாறுவது அந்தக் காதில்தான் முதலில் தெரிந்தது.

பூச்சேலையின் முறை வந்த அன்று, தொம்மை பாயில் படுத்து, உச்சிவெயில் நேரத்தில் கண் விழித்தான். கித்தேரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கூண்டில் பூச்சேலை துணி மேல் படுத்துக் கிடந்தது.

"அடிவயித்துல யாரோ கயித்தக் கட்டி இழுக்காவட்டி."

"தையலு. அப்படித்தான் இழுக்கும்."

"திரும்பிப் படுக்க முடியல."

"முழங்காலை மடக்கிட்டுத் திரும்புங்க. மூச்ச விட்டுட்டுத் திரும்புங்க."

அவன் அப்படிச் செய்தான். வலி விட்டுக்கொடுத்தது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். கேட்டபிறகுதான் அவளைப் பார்த்தான். அவள் கூண்டின் மேல் நிழலுக்குத் துண்டை இழுத்துப் போட்டாள்.

"நம்ம சின்னவன் பொறந்தப்பமா?"

"ஆமா."

"அப்பம் நான் எங்க இருந்தேன்?"

"ஆஸ்பத்திரியில இருந்து என்னைய வீட்டுல கொண்டு விட்டுட்டு, அடுத்தநாளே கடல் தங்கலுக்குப் போயிட்டீய. எறா வந்த நேரம்."

தொம்மை கொஞ்ச நேரம் படகுகளைப் பார்த்தான். "தண்ணி யாரு எடுத்தா?"

"குழாய்க்குக் கால் இருக்கா, அதுவே நடந்து வர?"

"சொல்லிருக்கலாம்லா."

"யாருட்ட? கடலுட்டயா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை. கையை நீட்டி அவள் கையைப் பிடித்தான், தெருவில் நாலுபேர் பார்க்க அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. பிடித்த கையை விடாமலே மறுபடி தூங்கிப்போனான். கித்தேரி கருப்பட்டிக் காப்பி ஆறிப்போகும்வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள், பிறகு ஆறிய காப்பியை அவளே குடித்தாள்.

தையல் ஆறியபிறகு ஒரு காலையில் அவன் யாரும் சொல்லாமலே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். அங்கே பெட்டைப்பூனை வாய்த்த ஆண்கள் வேறு சிலரும் குடத்தோடு நின்றார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கடல் நீரோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள்.

அதற்கப்புறம் தெருவில் பூனைகள் பெருகவில்லை. இருந்த பூனைகள் இருந்தன. மதில்மேல் படுத்தன, சண்டையை மறந்தன, சூசை நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். தடைக்காலத்திலும் போட்டது போதுமானதாக இருந்தது. மத்தியானம் கித்தேரிதான் எல்லாப் பூனைகளுக்கும் சோறு வைத்தாள், தன் பசி மட்டும் பசிக்கிறவள் ஆகையால் அவளுக்குத்தான் அந்த நேரத்தில் பசியில் தலை சுற்றாமல் இருந்தது. அவள் வைத்துவிட்டு வருவதற்குள் தெரு முழுக்கக் கண் சொருகும். பாதியில் நின்ற வாய்த்தகராறுகளை அப்புறம் யாரும் எடுத்துத் தொடங்கவில்லை. நடுக்கடலில் சுக்கான் பிடித்திருக்கும் தொம்மைக்கு, ஒன்றும் தின்னாமலே வயிறு நிறையும். "வீட்டுல சோறு வச்சாச்சி," என்பான் கூட இருப்பவர்களிடம். தெருவிலிருந்து கட்டிக்கொடுத்துத் தூரதேசம் போன பெண்களும் அப்படித்தான், எந்த ஊரில் இருந்தாலும் அந்த நேரம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள்.

இரண்டு வருஷம் போல ஆனபின், பூனைகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட டாக்டர் செண்பகவல்லி வந்தாள். வேலை முடிந்து எஸ்கலின் வீட்டில் சாளைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, கை கழுவி, எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள வாசலில் நின்றவள், பேச்சை நிறுத்திவிட்டு வயிற்றில் கை வைத்தாள்.

"என்ன டாக்டரம்மா?"

"ஒண்ணுமில்ல. இப்பத்தானே சாப்பிட்டேன்? என்னமோ நாலு நாளா சாப்பிடாத மாதிரி…"

தெரு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு எஸ்கலின் சிரித்தாள், தொம்மை சிரித்தான், ஐஸ்கம்பெனி வாசலிலிருந்து சூசையும் ஓடிவந்து சிரித்தார். ஆளுக்கொரு மீன்தலையை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பினார்கள். வெளியூர் மீன் லாரி ஒன்றின் டயர் இடுக்கில், எலும்பும் தோலுமாக ஒரு மஞ்சள் பெட்டைப்பூனை இருந்தது. கித்தேரி வைத்த மீன்தலையை அது தின்று முடித்ததும், மெயின் ரோடு வரைக்கும் கேட்கும்படி டாக்டர் ஓர் ஏப்பம் விட்டுவிட்டு, வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சில வாரம் தீனி போட்டுத் தேற்றினார்கள். பிறகுதான் சிக்கல் தெரிந்தது. "இதுக்கு நான் ஊசி போட்டா, கத்தியைக் கையில் வச்சுக்கிட்டு நானும்ல தூங்கிருவேன்," என்றாள் செண்பகவல்லி. திருநெல்வேலியிலிருந்து தன்னோடு படித்த இன்னொரு டாக்டரை வரவழைத்தாள். தெருவில் தார்ப்பாய் கட்டி ஒற்றைப் பாய் விரித்தார்கள். அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கித்தேரியிடம் கொடுத்துவிட்டுப் படுத்தாள்.

"கித்தேரியக்கா," என்றாள் படுத்தபடியே. "எனக்கு மாறுதல் வந்திருக்கு. அடுத்த மாசம் தருமபுரி."

"அவ்வளவு தூரமா?"

"அங்க யாரையும் தெரியாது எனக்கு. ஒரு வீடு பாக்கணும், சமைக்கணும். தனியாச் சமைச்சு தனியாச் சாப்பிட்டா சாப்பிட்ட மாதிரியே இருக்காது."

கித்தேரி அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "நீங்க எங்க வேணும்னாலும் போங்க. மத்தியானம் உங்க மஞ்சப் பூனைக்கு நான் சோறு வச்சிருவேன். அங்க உங்களுக்கு வயிறு நெறஞ்சா, நாங்க சாப்பிட்டாச்சின்னு தெரிஞ்சிக்கிடுங்க."

டாக்டர் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ஏலக்கூடத்தில் ஊசி போட்டுவிட்டார்கள்.